கண்காட்சிக்கு அணு மாதிரிகள்: தர்பூசணியைத் தாண்டி என்ன செய்யலாம்?

கேள்வி: தேவகோட்டை ரஸ்தா

எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு அணு மாதிரிகள் செய்கிறார்கள். இப்போதைக்குத் திட்டம் நாலு தெர்மாகோல் உருண்டை. டால்டனுக்கு வெறும் பந்து. தாம்சனுக்குப் பாதியாக அறுத்த தர்பூசணி, விதைதான் எலக்ட்ரான். ரூதர்ஃபோர்டுக்கு நடுவில் சிவப்பில் புரோட்டான், நீலத்தில் நியூட்ரான், சுற்றிலும் கம்பி வளையத்தில் எலக்ட்ரான். நீல்ஸ் போருக்கும் அதே படம்தான், வளையத்துக்கு கே, எல், எம் என்று பெயர் மட்டும் கூடுதல்.

கேட்க வேண்டியது இரண்டு. இதில் தப்பு எங்கெங்கே இருக்கிறது? நின்றபடி பார்த்துவிட்டுப் போகிற பொம்மையாக இல்லாமல், பார்க்க வருகிறவர் கையால் செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது உண்டா? இடம் ஆறடிக்கு இரண்டரை அடி மேசை ஒன்று. மூன்று வாரம் கையில் இருக்கிறது. காரைக்குடிக் கடைகளில் கிடைக்கிற சாமானாக இருந்தால் நல்லது. உயர் மின்னழுத்தம் வேண்டாம்.

பதில் 1: வளவு வாசல்

தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன் சார், கொஞ்சம் நிறையவே இருக்கிறது.

ரூதர்ஃபோர்டின் கட்டுரை வந்தது 1911இல். நியூட்ரானைச் சாட்விக் கண்டுபிடித்தது 1932. புரோட்டான் என்ற பெயரே 1920இல்தான் வந்தது. ஆகவே நீல உருண்டைகளை எடுத்துவிடுங்கள். சிவப்பையும் தனித்தனி மணிகளாக ஒட்டாமல் ஒரே புள்ளியாக வையுங்கள். அந்தக் கட்டுரையில் ‘நியூக்ளியஸ்’ என்ற சொல்லும் கிடையாது, ‘மைய மின்னூட்டம்’ என்றுதான் எழுதியிருக்கிறார். அது நேரா எதிரா என்பதைக்கூட, நேர்மின்னூட்டமுள்ள ஆல்ஃபா துகள்களைத் தங்கத் தகட்டில் பாய்ச்சிய சோதனையை வைத்து அவர் முடிவு கட்டவில்லை. கம்பி வளையமும் அவருடையதல்ல. மையத்தைச் சுற்றி அணு அளவுக்கு எதிர் மின்னூட்டம் சீராகப் பரவியிருப்பதாக வைத்துத்தான் கணக்குப் போட்டார். வளையம் வேண்டுமென்றால் அதை 1904இல் சனிக்கோள் மாதிரியை முன்வைத்த நாகவோகாவுக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் 1913இல் வந்த போருக்கு.

தர்பூசணிதான் இவற்றில் பெரிய அநியாயம். விதை நகராது, தாம்சனின் எலக்ட்ரான் நகரும். 1904 கட்டுரையில் அவர் நேர்மின் கோளத்துக்குள்ளே எலக்ட்ரான்களை வளையம் வளையமாகச் சுற்றவிட்டு, எத்தனை இருந்தால் வளையம் நிலைக்கும் என்று கணக்கிட்டார். ஐந்து வரை ஒரே வளையத்தில் நிற்கும். ஆறாவது வந்தால் ஒன்று நடுவுக்குப் போயாக வேண்டும். எண்ணிக்கை ஏற ஏற உள்ளே புது வளையங்கள். தனிமங்களின் குணம் ஒரு முறைப்படி திரும்பத் திரும்ப வருவதற்கு இதில் காரணம் தேடினார். அந்தக் கணக்கில்தான் உயிரே இருக்கிறது, அதைத் தர்பூசணி விழுங்கிவிடுகிறது.

நாலு பொம்மைக்குப் பதில் இரண்டே சோதனை வையுங்கள். ஒன்று மிதக்கும் ஊசி, இன்னொன்று உருளும் குண்டு.

பதில் 2: பித்தளை உருளி

மிதக்கும் ஊசியை விவரமாகச் சொல்கிறேன். 1878இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரெட் மேயர் செய்தது இது. தாம்சனே தன் வளையங்களுக்கு இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

தேவை: 4 செ.மீ. நீளத் தையல் ஊசி 12, எல்லாம் ஒரே பாக்கெட்டிலிருந்து. 1 செ.மீ. அகலத்தில் வட்டமாக நறுக்கிய தெர்மாகோல் அல்லது தக்கை 12. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய வளையக் காந்தம் ஒன்று. தேய்க்க ஒரு சட்டக் காந்தம், பார்க்க ஒரு திசைகாட்டி. 30 செ.மீ. அகலமுள்ள பாத்திரம்.

ஊசியை மேசையில் படுக்க வைத்து, சட்டக் காந்தத்தின் வடமுனையால் காதிலிருந்து கூர்முனை வரை ஒரே திசையில் 30 தடவை தேயுங்கள். திரும்பி வரும்போது காந்தத்தை உயரத் தூக்கிக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் தேய்த்தது வீண். இப்படித் தேய்த்தால் கூர்முனை தென்முனை ஆகும், காது வடமுனை. பன்னிரண்டையும் திசைகாட்டியில் காட்டிப் பாருங்கள். ஒன்றே ஒன்று மாறியிருந்தாலும் அது பக்கத்து ஊசியோடு போய் ஒட்டிக்கொண்டு மொத்தத்தையும் கெடுக்கும்.

காது மேலே 5 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி தக்கையில் செருகுங்கள். மீதி தண்ணீருக்குள் போகட்டும். கீழ்முனை எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு நல்லது. குண்டூசி வைத்தால் இரண்டு முனையும் கிட்டக்கிட்ட இருந்து ஒன்றின் வேலையை மற்றது அழித்துவிடும்.

வளையக் காந்தத்தின் தென்முகம் கீழே பார்க்க, பாத்திரத்தின் நடுவுக்கு நேர் மேலே 12 முதல் 15 செ.மீ. உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஊசிகள் ஒன்றையொன்று தள்ளும், மேலே உள்ள காந்தம் எல்லாவற்றையும் நடுவுக்கு இழுக்கும். தாம்சன் அணுவில் ஊசிதான் எலக்ட்ரான், மேல் காந்தம் நேர்மின் கோளம்.

ஒவ்வொன்றாக விடுங்கள். மூன்றுக்கு முக்கோணம், நாலுக்குச் சதுரம். ஐந்துக்கு ஐங்கோணம், சில சமயம் நாலும் நடுவில் ஒன்றுமாகவும் நிற்கும். ஆறாவதை ஓரத்தில் விட்டுப் பாருங்கள்: தயங்கித் தயங்கி இடம் மாறி, கடைசியில் ஐந்து வெளியே, ஒன்று நடுவில். ஏழுக்கு ஆறும் ஒன்றும். பார்க்க வருகிற பிள்ளையிடம் ஆறாவது ஊசியைக் கொடுத்து ‘எங்கே போய் நிற்கும்?’ என்று கேட்டால் போதும்.

தேவகோட்டை ரஸ்தா

நன்றி அண்ணே. இன்றைக்கே ஒரு ஒத்திகை பார்த்தாயிற்று. ஊசியெல்லாம் நடுவுக்கு வராமல் பாத்திரத்துச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. காந்தத்தைக் கீழே இறக்கினால் நடுவில் சேராமல் நடுவைச் சுற்றி நிற்கிறது. பாத்திரம் பூப்போட்ட பழைய எனாமல் பேசின், அகலம் சரியாக 30 செ.மீ.

பதில் 3: பித்தளை உருளி

எனாமல் பேசினுக்குள்ளே இருப்பது இரும்புத் தகடு சார். மேலே பூசிய கண்ணாடியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. செட்டிநாட்டு வீட்டுச் சாமான் அறையில் எனாமல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பித்தளையும் இருக்கும். அகலமான பித்தளை உருளியோ தாம்பாளமோ எடுங்கள், பித்தளையைக் காந்தம் சட்டை செய்யாது. எவர்சில்வர் வேண்டுமென்றால் முதலில் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், சில ரகம் பிடிக்கும், சில ரகம் பிடிக்காது. மேசைக்கு அடியில் இரும்புச் சட்டம் இருந்தாலும் கோலம் ஒரு பக்கமாகச் சாயும். பாத்திரத்துக்குக் கீழே 10 செ.மீ. உயரத்துக்கு மரப்பலகை கொடுத்துத் தூக்கிவிடுங்கள்.

சுவரில் ஒட்டுவதற்கு இன்னொரு காரணம் காந்தமே இல்லாமலும் உண்டு. தண்ணீர் விளிம்புக்குக் கீழே நின்றால் ஓரத்தில் சுவரைப் பிடித்து மேலே ஏறியிருக்கும், மிதக்கிற தக்கையை அது இழுத்துக்கொள்ளும். வழியப்போகிற அளவுக்கு விளிம்பு வரை ஊற்றுங்கள். தண்ணீர் விளிம்புக்கு மேலே புடைத்து நிற்கும்போது அதே ஓரம் தக்கையைத் தள்ளும்.

நடுவைச் சுற்றி நிற்பது வளையக் காந்தத்தின் குணம். ஓட்டைக்கு நேர் கீழே, மிகக் கிட்டத்தில், புலம் தலைகீழாக இருக்கும். வளையத்தின் அகலத்தைவிட அதிக உயரத்தில் தொங்கினால் இந்தத் தொல்லை இல்லை. 8 செ.மீ. வளையத்தை 8 செ.மீ. உயரத்துக்குக் கீழே இறக்கவே வேண்டாம்.

பதில் 4: சுண்ணாம்புச் சாந்து

உருளும் குண்டு என் பங்கு.

மின் விலக்கத்தின் நிலை ஆற்றல் தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் போகிறது. அதே வடிவத்தில் ஒரு மேடு கட்டி அதன்மேல் குண்டை உருட்டினால், குண்டு ஏறக்குறைய ஆல்ஃபா துகள் போலவே வளையும். மேட்டின் உயரம் = 16 ÷ நடுவிலிருந்து தூரம், இரண்டும் செ.மீ.இல். 32 செ.மீ.இல் இது 0.5 வருகிறது. அந்த அரை செ.மீ.ஐ எல்லா இடத்திலும் கழித்துவிட்டால் ஓரம் பலகையோடு சமமாகும், சாந்தும் பாதிக்குப் பாதி மிச்சம்.

கழித்த பிறகு பலகைக்கு மேல் உயரம்: நடுவிலிருந்து 4 செ.மீ.இல் 3.5, 6இல் 2.17, 8இல் 1.5, 12இல் 0.83, 16இல் 0.5, 24இல் 0.17, 32இல் பூச்சியம். 4 செ.மீ.க்கு உள்ளே தட்டையாகவே விட்டுவிடலாம், குண்டு அங்கே போகப்போவதில்லை.

75 செ.மீ. சதுர, 12 மி.மீ. பிளைவுட். நடுவில் 6 மி.மீ. கம்பியை நிமிர்த்தி நட்டு, மேலே சொன்ன அளவுகளைத் தகட்டில் குறித்து வெட்டி, கம்பியைச் சுற்றி அந்தத் தகட்டைச் சுழற்றிச் சாந்தை வழித்தெடுக்க வேண்டும். சுவரோரம் கார்னிஸ் இழுக்கக் கொத்தனார் தகடு வெட்டுவாரே, அதே வேலைதான், நேராக இழுப்பதற்குப் பதில் வட்டமாக. பழக்கமுள்ள கொத்தனார் கிடைத்தால் அரை நாளில் முடித்துவிடுவார். முட்டை வெள்ளையும் கடுக்காயும் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சில் செய்யலாமே என்று அவர் ஆசை காட்டுவார். பளபளப்பு அருமையாகத்தான் வரும், ஆனால் உங்கள் மூன்று வாரத்துக்கு அது ஒத்துவராது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். மேட்டின் கன அளவு சுமார் 1.4 லிட்டர், 2 கிலோ தூள் வாங்குங்கள். கலக்கும்போது 1 கிலோவுக்கு 650 மி.லி. தண்ணீர், தண்ணீரில்தான் தூளைத் தூவ வேண்டும். பத்து நிமிடத்தில் கட்டிக்கொள்ளும், அதனால் அரை அரைக் கிலோவாகக் கலக்குங்கள். வெளி ஓரம் தாள் போல மெலிந்து உதிரும், அந்த இடத்துக்கு மட்டும் சுவர்ப் புட்டி. காய்ந்ததும் 120, பிறகு 220 எண் உப்புத்தாள், மேலே இரண்டு கை எனாமல் பெயின்ட்.

குண்டு: 12 மி.மீ. இரும்பு பேரிங் குண்டு. கோலிக்குண்டு வேண்டாம், அது அச்சு வட்டமாக இருப்பதில்லை.

சறுக்கு: பிளாஸ்டிக் மின்வயர் பட்டி ஒன்று, பலகையிலிருந்து 1.5 செ.மீ. உயரத்தில் குண்டை விடுங்கள். கழித்த அரை செ.மீ.யையும் சேர்த்தால் மொத்தம் 2. 16ஐ 2ஆல் வகுத்தால் 8. நேருக்கு நேர் விட்ட குண்டு நடுவிலிருந்து 8 செ.மீ.இல் நின்று திரும்ப வேண்டும். நடைமுறையில் அவ்வளவு தூரம் ஏறாது, பட்டியின் பள்ளத்தில் சுழற்சிக்குக் கொஞ்சம் ஆற்றல் போய்விடும். அதனால் கணக்கை நம்பாமல் நேர்க்கோட்டில் பத்துத் தடவை விட்டு, திரும்புகிற இடத்தைப் பென்சிலால் குறித்து, அந்தத் தூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி சறுக்கைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதுதான் மோதல் காரணி. 8 செ.மீ. திரும்பு தூரத்துக்கு, 2.3 செ.மீ. தள்ளி விட்டால் குண்டு 120 பாகை திரும்பும், 4 தள்ளினால் 90, 6.9க்கு 60, 14.9க்கு 30. குண்டு முடிவிலியிலிருந்து வராமல் 32 செ.மீ.இலிருந்தே கிளம்புவதால் பாகை கொஞ்சம் குறைவாக வரும். பலகையை நாலு மூலையிலும் ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தாமல் அளக்கவே ஆரம்பிக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் வளவுத் தரை தண்ணீர் ஓடச் சாய்த்துப் போட்டது, குண்டு அதைக் கண்டுபிடித்துவிடும்.

பதில் 5: கோலி

இவ்வளவு கொத்து வேலை எதற்கு? 60 செ.மீ. அகலத்தில் 8 கோலியைப் பரப்பி அட்டையால் மூடி, குறி பார்க்காமல் 200 தடவை கோலி உருட்டி எத்தனை மோதியது என்று எண்ணினாலே போதும். கோலியின் விட்டம் = (மோதியது ÷ உருட்டியது) × அகலம் ÷ (2 × எண்ணிக்கை). 200இல் 85 மோதினால் 1.6 செ.மீ. வரும். காணாததை எண்ணிக்கையால் அளப்பதுதானே ரூதர்ஃபோர்டு?

பதில் 6: சுண்ணாம்புச் சாந்து

நல்ல சோதனைதான், பக்கத்தில் வையுங்கள். ஆனால் அதை ரூதர்ஃபோர்டு என்று எழுத வேண்டாம். கோலியில் மோதியதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. ரூதர்ஃபோர்டிடம் எல்லாத் துகளும் வளைகிறது, எத்தனை பாகைக்கு எத்தனை துகள் என்பதுதான் கேள்வி. மேட்டில் உருட்டினால் சிறு கோணத்துக்குக் கூட்டம் அதிகம், பெரிய கோணத்துக்குக் குறைவு. பக்கவாட்டில் நடுவுக்கு இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 20 செ.மீ. வரை ஒவ்வொரு செ.மீ.க்கும் சறுக்கை நகர்த்தி 41 தடவை விட்டால், 90 பாகைக்கு மேல் திரும்புவது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

இங்கே நடுவர் மடக்கக்கூடிய ஓர் இடம் உண்டு. உண்மைச் சோதனையில் துகள் எண்ணிக்கை அரைக்கோணச் சைனின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ், இதை ரூதர்ஃபோர்டின் மான்செஸ்டர் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் 1913இல் சரிபார்த்தார்கள். உங்கள் பலகையில் இரண்டாம் அடுக்குதான் வரும். பலகையில் குண்டுகள் ஒரு கோட்டின்மேல் வருகின்றன, மான்செஸ்டர் ஆய்வகத்தில் துகள்கள் ஒரு பரப்பின்மேல் வந்தன. பிள்ளைகள் வரைபடம் போட்டு ‘நான்காம் அடுக்கு வரவில்லையே’ என்று அளவைத் திருத்தாமல் இருக்க, இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இரண்டாவது பலகை ஒன்றும் கட்டுங்கள், அது தாம்சனுக்கு. அதே மின்னூட்டம் 32 செ.மீ. முழுக்கச் சீராகப் பரவினால் மேடு எவ்வளவு உயரம் தெரியுமா? நடுவில் 2.5 மி.மீ. அவ்வளவுதான். 16 செ.மீ.இல் 1.9 மி.மீ., ஓரத்தில் பூச்சியம். குண்டு அதன்மேல் கொஞ்சம் வளைந்து நேராகப் போய்விடும், எங்கே விட்டாலும் திரும்பி வராது. தங்க அணுவுக்கு உண்மைக் கணக்கும் அப்படித்தான்: தாம்சன் கோளம் ஓர் ஆல்ஃபா துகளை ஓர் அணுவில் சுமார் 0.01 பாகைதான் திருப்ப முடியும். ரூதர்ஃபோர்டு எடுத்துக்கொண்ட தங்கத் தகட்டின் கனம் 0.00004 செ.மீ. அதில் 20,000இல் ஒரு துகள் சராசரி 90 பாகை திரும்பியது. 0.01 பாகைகளைக் கூட்டி 90 ஆக்க அந்தக் கனம் எந்த மூலைக்கு?

பதில் 7: வளவு வாசல்

போருக்கு வளையமே வேண்டாம், ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் படிகளைச் சுவரில் ஓர் ஏணியாக வரையுங்கள். ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (அணு அளவில் ஆற்றலை அளக்கிற அலகு) 10 செ.மீ. தரைதான் முதல் படி. இரண்டாவது 102 செ.மீ.இல், மூன்றாவது 121, நாலாவது 127.5, ஐந்தாவது 130.6. 136இல் எலக்ட்ரான் அணுவைவிட்டே போய்விடும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும் 19 செ.மீ.க்குச் சிவப்பு நாடா (656 நானோமீட்டர்), நாலிலிருந்து இரண்டுக்குப் பச்சை கலந்த நீலம் (486), ஐந்திலிருந்து ஊதா (434). இரண்டிலிருந்து தரைக்குப் புற ஊதா, கண்ணுக்குத் தெரியாது என்பதால் அங்கே வெள்ளை நாடா. ஏணி எதற்கு வந்தது என்று கேட்டால்: பழைய இயற்பியல்படி சுற்றுகிற எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து ஆற்றல் இழந்து, ஒரு நொடியின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு நேர அளவிலேயே மையத்தில் விழுந்திருக்க வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா

இரண்டு பலகையையும் அட்டைப் பெட்டியால் மூடி, குண்டு போகிற இடமும் வருகிற இடமும் மட்டும் தெரிகிற மாதிரி வைக்கலாமா? எந்தப் பெட்டியில் எந்த அணு என்று பார்ப்பவர் சொல்லட்டும். இன்னொன்று, மேட்டின் உச்சி 4 செ.மீ.க்கு உள்ளே தட்டையாக இருக்கிறதே, கூராக இல்லாமல் மொட்டையாக இருப்பதை யாராவது குறை சொன்னால்?

பதில் 8: சுண்ணாம்புச் சாந்து

மூடுங்கள், அதுதான் சரி. பலகையிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் அட்டை, நாலு பக்கமும் 3 செ.மீ. இடைவெளி. இடைவெளியை அதற்கு மேல் விட்டால் குனிந்து பார்த்துவிடுவார்கள். ஓரத்தில் பாகை எழுதிய தாளை ஒட்டி, குண்டு உருண்டு ஓடிவிடாமல் துணியைச் சுருட்டி அணை போடுங்கள்.

மொட்டை உச்சியைக் குறை சொன்னால் அட்டையை எடுக்காமலே ‘உச்சி மொட்டையா கூரா, குண்டை உருட்டிக் கண்டுபிடியுங்கள்’ என்று சொல்லுங்கள். 1.5 செ.மீ. உயரத்திலிருந்து விட்ட குண்டு 8 செ.மீ.க்கு உள்ளே போகவே போகாது, எத்தனை முறை உருட்டினாலும் தெரியாது. ரூதர்ஃபோர்டுக்கும் அதே கதிதான். மையத்திலிருந்து 3.4 × 10⁻¹⁴ மீட்டர் வரை துகள் போய்த் திரும்புகிறது என்று கணக்கிட்டார், மின்னூட்டம் அதற்குள் அடங்கியிருக்கிறது என்பது வரைதான் அவரால் சொல்ல முடிந்தது. இன்று தெரிந்த தங்க அணுக்கருவின் ஆரம் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

விடாமல் கேட்டால் சறுக்கை 3.5 செ.மீ.க்கு மேல் உயர்த்தி உருட்டச் சொல்லுங்கள். நேராக வருகிற குண்டு உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் விழும். அந்தப் பக்கம் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள், இரும்புக் குண்டு விரலில் பட்டால் வலிக்கும்.